கடைசிச் சொட்டு

ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி பிராக்டிகல் ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு?

ஸ்டாண்டில் நெட்டுக்குத்தலாக நிற்கும் பியூரெட். அதற்குள் காஸ்டிக் சோடா கரைசல். கீழே கூம்புக் குடுவையில் 20 மில்லி ஆக்ஸாலிக் அமிலம். அதில் இரண்டு சொட்டு ஃபினால்ப்தலீன். வலது கையால் குடுவையைச் சுழற்றிக்கொண்டே, இடது கையால் குழாயைத் திருகிச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். ஒன்றும் நடக்காது. இன்னும் விடுவீர்கள்... ஒன்றும் நடக்காது. அலுத்துப்போய் ஜன்னலுக்கு வெளியே ஒரு விநாடி பார்த்துவிட்டுத் திரும்பினால், குடுவை முழுக்க ரோஸ் மில்க்!

"சார், பிங்க் வந்துருச்சு!"

"வந்துருச்சா? போயே போயிருச்சு. வெளிர் பிங்க்னு சொன்னேனா இல்லியா? கொட்டிட்டு மறுபடி பண்ணு."

மறுபடி பண்ண நேரமில்லை. பக்கத்து மேஜையில் கிசுகிசுப்பேன். "மச்சி, உனக்கு எவ்ளோ?" "19.8". "சரி, எனக்கும் 19.8." ரெக்கார்டு நோட்டில் மூன்று முறை செய்ததாக 19.8, 19.8, 19.8 என்று எழுதிவிட்டு வெளியே வந்துவிடுவேன். மார்க்கும் வந்தது. இந்தப் பாவத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு என்றால் வெட்கப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் பாதிப் பேர் நம் கட்சிதான்!

'தரம் பார்த்தல்' என்று பாடப்புத்தகம் சொல்லும் இந்தச் சடங்கு எங்கிருந்து வந்தது என்று அன்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த 19.8-ஐ எழுதக் கை கொஞ்சம் கூசியிருக்கும். அந்தக் கதையைத் தெரிந்துகொள்ள, வாருங்கள், வண்ணாரப்பேட்டைக்குப் போவோம்.

* * *

இன்றைக்கு வண்ணாரப்பேட்டை என்றால் எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகளும் மெட்ரோ ஸ்டேஷனும்தான். ஆனால் பெயரைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லிப் பாருங்கள். வண்ணார் பேட்டை. யாருக்காக வெளுத்தார்கள்? கிழக்கிந்தியக் கம்பெனிக்காக.

1640-ல் செயின்ட் ஜார்ஜ் கோட்டையை கம்பெனி கட்டத் தொடங்கியதற்கு முக்கியக் காரணமே துணிதான். சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிக்கு லண்டனில் அப்படி ஒரு கிராக்கி. அதனால் கோட்டையைச் சுற்றி நெய்பவர்கள், வெளுப்பவர்கள், சாயம் போடுபவர்கள் என்று ஊர் ஊராகக் குடியமர்த்தினார்கள். திருவொற்றியூர் போகிற வழியில் காலடிப்பேட்டை இருக்கிறதே, அதற்கும் யாருடைய காலடிக்கும் சம்பந்தமில்லை. 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களுக்காக உண்டாக்கிய 'காலெட் பேட்டை', நம் வாயில் புகுந்து காலடிப்பேட்டை ஆகிவிட்டது!

தறியிலிருந்து இறங்கும் காடாத் துணி பழுப்பாக, கஞ்சியும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருக்கும். அதை வெள்ளை வெளேரென்று ஆக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. உவர்மண் கரைசலில் ஊறவைக்க வேண்டும், வெள்ளாவி வைக்க வேண்டும், அடிக்க வேண்டும், அலச வேண்டும், வெயிலில் விரிக்க வேண்டும், மறுபடி முதலிலிருந்து.

உவர்மண் என்றால் என்ன? தரையில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் சோடா. சுத்தமான காரம். அதோடு சுண்ணாம்பும் சேர்ந்தால் உருவாவது வேறொன்றுமில்லை, நம் பியூரெட்டில் இருந்த அதே காஸ்டிக் சோடாதான். காரம் அழுக்கைத் தின்னும். கொஞ்சம் மிஞ்சினால் துணியையும் தின்றுவிடும். அதனால் காரத்தை முறிக்க ஒரு புளிப்பு தேவை. பதினேழாம் நூற்றாண்டில் இந்தியாவைச் சுற்றிய பிரெஞ்சு வைர வியாபாரி தவேர்னியே, குஜராத்தின் பரூச் பக்கம் துணி வெளுக்க எலுமிச்சைச் சாற்றைப் பயன்படுத்தியதை எழுதிவைத்திருக்கிறார். ஐரோப்பாவில் எலுமிச்சைக்கு எங்கே போவது? அங்கே புளித்த மோர்!

காரம் எவ்வளவு, புளிப்பு எவ்வளவு? கணக்கு எங்கேயும் எழுதிவைக்கப்படவில்லை. வெளுப்பவரின் விரல் நுனி வழுவழுப்பில் இருந்தது, நாக்கு நுனியில் இருந்தது. கைப்பழக்கம்தான் அளவுகோல்.

இங்கேதான் ஒரு சிக்கல். துணி கோட்டைக்குப் போனதும் கம்பெனிக் கிடங்கில் தரம் பிரிப்பார்கள். வெளுப்பு போதாது, இழை நைந்திருக்கிறது என்று அங்கே இருப்பவர் சொல்லிவிட்டால் துணி திரும்பும், அல்லது விலை குறையும். வெளுத்தவருக்கு அவர் விரல் சாட்சி. வாங்குபவருக்கு அவர் கண் சாட்சி. இரண்டுக்கும் நடுவில் பொதுவான ஓர் எண் கிடையாது. எண் இல்லாத இடத்தில் யார் சொல் செல்லும்? காசு வைத்திருப்பவர் சொல்தான்!

* * *

பியூரெட் வண்ணாரப்பேட்டையில் பிறக்கவில்லை. ஆனால் அதே தொழிலில்தான் பிறந்தது. அதற்கு நம் துணியும் ஒரு காரணம்.

இந்தியத் துணி வந்து குவிந்ததில் ஐரோப்பிய நெசவாளர்கள் ஆடிப்போனார்கள். 1686-ல் பிரான்ஸ் தடை போட்டது. இங்கிலாந்து 1700-ல் ஒரு சட்டம், போதாதென்று 1721-ல் இன்னொரு சட்டம். தடை போட்டால் மட்டும் போதுமா, அந்தத் துணியை நாமே செய்யவேண்டாமா? நெய்துவிடலாம். வெளுப்பது? லினன் துணியைச் சாம்பல் காரத்திலும் புளித்த மோரிலும் மாற்றி மாற்றி நனைத்து, புல்வெளியில் மாதக்கணக்கில் விரித்து வைத்திருந்தார்கள்.

1756-ல் எடின்பரோ டாக்டர் ஃபிரான்சிஸ் ஹோம் வெளுப்புத் தொழிலைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். புளித்த மோருக்குப் பதில் தண்ணீர் கலந்த கந்தக அமிலம் போதும், வேலை சீக்கிரம் முடியும் என்றார். வெளுப்பதற்கு வாங்கும் சாம்பல் காரம் அசலா, கலப்படமா? அதற்கும் ஒரு வழி சொன்னார். அதில் அமிலத்தை டீஸ்பூன் டீஸ்பூனாக விடு, நுரைப்பது எப்போது நிற்கிறது என்று பார், எத்தனை ஸ்பூன் என்று எண்ணு. அவ்வளவுதான்! விரலும் நாக்கும் சொன்னதை ஸ்பூன் எண்ணிக்கை சொல்ல ஆரம்பித்தது.

இதற்கும் முன்னால், 1729-ல், பாரிஸில் ஜோஃப்ருவா என்பவர் இதே வேலையைத் திருப்பிச் செய்திருந்தார். காடியில், அதாவது வினிகரில், காரத்தைப் போட்டுக்கொண்டே வந்து நுரை நிற்கும்வரை எவ்வளவு செலவாகிறது என்று பார்த்தார். அதை வைத்து எந்தக் காடி கெட்டி, எந்தக் காடி தண்ணி என்று சொன்னார். வீரியம் குறைந்த அமிலத்தை காரத்தால் அளந்த முதல் கணக்குகளில் அது ஒன்று.

பிறகு பிரான்ஸின் ஜவுளி நகரமான ரூவானில் டெக்ருவாசில் என்பவர் ஸ்பூனைத் தூக்கிப்போட்டுவிட்டு, கோடு போட்ட கண்ணாடிக் குழாயைக் கொண்டுவந்தார். 1790-களில் அதை வைத்து அவர் சோதித்ததும் துணி வெளுக்கும் திரவத்தைத்தான். கே-லுசாக் 1824-ல் பியூரெட், பிப்பெட் என்ற பெயர்களை நிலைநிறுத்தினார். வெள்ளி நாணயத்தில் வெள்ளி எவ்வளவு என்பதையும் சொட்டுக் கணக்கில் பார்க்கலாம் என்று காட்டினார்.

'டைட்ரேஷன்' என்ற சொல்லே அந்தக் கடைத்தெருவிலிருந்து வந்ததுதான். பிரெஞ்சில் 'தித்ர்' என்றால் பொன், வெள்ளியின் மாற்று. பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோமே, அந்த மாற்று! வண்ணாரப்பேட்டைக்குப் பக்கத்திலேயே நாணயம் அடித்த தங்கசாலைத் தெரு. 'மாற்றுப் பார்த்தல்' என்று நாமும் பெயர் வைத்திருக்கலாம்.

* * *

சரி, வீரியம் குறைந்த அமிலத்தில் அப்படி என்ன விசேஷம்? இங்கே கொஞ்சம் நிதானமாக வாருங்கள். கதையின் உயிர் இதில்தான் இருக்கிறது.

இரண்டு குடுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 20 மில்லி ஹைட்ரோகுளோரிக் அமிலம். இன்னொன்றில் அதே அடர்த்தியில் 20 மில்லி அசிட்டிக் அமிலம், அதாவது காடியின் புளிப்பு. இரண்டும் 0.1 மோலார். புளிப்பைக் காட்டும் ஹைட்ரஜன் அயனிகளை எண்ணினால் முதல் குடுவையில் எழுபத்தைந்து மடங்கு அதிகம். ஏனென்றால் அசிட்டிக் அமிலத்தில் ஆயிரம் மூலக்கூறு இருந்தால் வெறும் பதிமூன்றுதான் வாயைத் திறந்து 'நான் அமிலம்' என்று சொல்லும். மீதி 987-ம் கம்மென்று உட்கார்ந்திருக்கும்.

அப்படியானால் இரண்டாவது குடுவையை முறிக்க எழுபத்தைந்தில் ஒரு பங்கு காஸ்டிக் சோடா போதுமா?

போதாது! அதற்கும் அதே 20 மில்லி வேண்டும். பேசிய பதிமூன்றை காரம் முறித்ததும் உள்ளே இருந்து அடுத்தது வெளியே வருகிறது. அதையும் முறித்தால் இன்னொன்று. கடைசி மூலக்கூறு வரை காரம் அழைத்துக்கொண்டே இருக்கும்.

நாக்குக்கும் லிட்மஸ் தாளுக்கும் தெரிவது அந்த நேரத்தில் பேசுகிறவர்களின் சத்தம். பியூரெட்டுக்குத் தெரிவது மொத்த ஜனத்தொகை!

இதை ஐரோப்பியர்கள் ஒன்றரை நூற்றாண்டு செய்துகொண்டே இருந்தார்கள், ஏன் என்று தெரியாமல். 1884-ல் ஸ்வீடனின் உப்சாலாவில் அர்ரீனியஸ் என்ற இளைஞர், கரைசலில் மூலக்கூறுகள் மின்னூட்டம் பெற்ற துண்டுகளாகப் பிரிகின்றன என்ற யோசனைக்கு அடிப்படை போட்டு டாக்டர் பட்டத்துக்கு ஆய்வுரை கொடுத்தார். பேராசிரியர்கள் உதட்டைப் பிதுக்கி, தேறினான் என்று சொல்லும் அளவுக்கு ஒரு மார்க் போட்டு அனுப்பினார்கள். 1903-ல் அதே மனிதருக்கு நோபல் பரிசு!

இப்போது பிராக்டிகலில் நம் பொறுமையைச் சோதித்த அந்த 'ஒன்றும் நடக்காத' நேரத்துக்கு வருவோம். அசிட்டிக் அமிலத்தில் 2-வது மில்லியிலிருந்து 18-வது மில்லி வரை காரத்தைக் கொட்டினாலும் பி.எச். 3.8-லிருந்து 5.7-க்குத்தான் நகரும். கரைசல் தாங்கிக்கொள்கிறது. உள்ளே சேமிப்பு கரைகிறது, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் 19.8-லிருந்து 20.2-க்குள், ஏறக்குறைய எட்டே சொட்டில், பி.எச். 6.7-லிருந்து 10.7-க்கு எகிறிவிடும். தாங்குகிறவரை தாங்கும். பிறகு ஒரு சொட்டு தாங்காது.

அந்தச் சொட்டைப் பிடிக்கத்தான் நிறங்காட்டி. ஃபினால்ப்தலீனை 1871-ல் ஜெர்மனியின் பேயர் தயாரித்தார். சில வருடங்களில் அது பரிசோதனைக்கூடத்துக்கு வந்துவிட்டது. பி.எச். 8-ஐத் தாண்டிய பிறகுதான் அது பிங்க் ஆகும். அசிட்டிக் அமிலம் முழுக்க முறியும் இடம் 8.7. கச்சிதமான பொருத்தம்!

அவசரத்தில் ஃபினால்ப்தலீனுக்குப் பதில் பக்கத்து பாட்டிலிலிருந்து மெத்தில் ஆரஞ்சை எடுத்துவிட்டால்? அது 4.4-லேயே மஞ்சளாகிவிடும். அதாவது 20 மில்லி வேண்டிய இடத்தில், 6 மில்லியிலேயே "முடிஞ்சுது, வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிடும். அமிலத்தில் பத்தில் ஏழு பங்கு குடுவையில் அப்படியே இருக்க, ரிப்போர்ட்டில் எல்லாம் சுபம். பியூரெட்டில் தப்பில்லை, காரத்தில் தப்பில்லை, ரீடிங் எடுத்தவரும் பொய் சொல்லவில்லை. நிறங்காட்டியைத் தேர்ந்தெடுத்ததில்தான் தப்பு.

இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் தேவைப்படும்.

* * *

வடசென்னையை விட்டு அந்தச் சொட்டு போய்விடவில்லை. பால் புளிக்கத் தொடங்கிவிட்டதா என்று மாதவரம் மாதிரியான பால்பண்ணைகளில் பார்ப்பது இதே பரீட்சைதான். பாலில் ஃபினால்ப்தலீன், மேலிருந்து காஸ்டிக் சோடா. புதுப் பால் என்றால் லாக்டிக் அமிலக் கணக்கில் சுமார் 0.14 சதவீதம் காட்டும். ஏறினால் பால் திரியப்போகிறது என்று அர்த்தம். நாக்குக்குப் புளிப்பு தெரிவதற்கு முன்பே பியூரெட்டுக்குத் தெரிந்துவிடும். ஒரு காலத்தில் துணி வெளுத்த அதே புளித்த மோர் அமிலம்!

மணலிக்குப் போங்கள். 1965-ல் ஆரம்பிக்கப்பட்டு 1969-ல் ஓடத் தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ், இன்றைய சி.பி.சி.எல். இப்படிப்பட்ட ஆலைகளுக்குக் கப்பலில் வரும் கச்சா எண்ணெயிலும் வீரியம் குறைந்த அமிலங்கள் ஒளிந்திருக்கும். ஒரு கிராம் எண்ணெயை முறிக்க எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்பது கணக்கு. அரை மில்லிகிராமைத் தாண்டினாலே எச்சரிக்கை மணி. சூடேறிய குழாய்களை அந்த அமிலம் உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். கறுப்பு எண்ணெயில் பிங்க் எங்கே தெரியப்போகிறது? அதனால் மின்முனையை விட்டுப் பார்ப்பார்கள். குழாயைக் காப்பாற்ற அரை மில்லிகிராம் வரை துல்லியம்!

மனிதர்களைக் காப்பாற்ற?

2023 டிசம்பர் 26, நள்ளிரவு நேரம். எண்ணூர் பெரியகுப்பத்தில் மக்கள் கண் எரிந்து, மூச்சுத் திணறி எழுந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. தொழிற்சாலை, கோரமண்டல் இன்டர்நேஷனல். அன்று துணிக்குப் பேர்போன கரையின் பெயர்! அந்த மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரமெல்லாம் படிந்திருந்தது. படகும் வலையும் கறுத்துக் கிடந்த நேரத்தில் இது.

மூக்கு சொன்னது, கண் சொன்னது. வண்ணாரப்பேட்டையில் விரல் சொன்ன மாதிரி. ஆனால் மூக்கு சாட்சி சொன்னால் எந்தக் கோர்ட்டில் செல்லும்? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் எண்கள் வந்தன. தொழிற்சாலை வாசலருகே காற்றில் அமோனியா, கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம். வரம்பு, 24 மணி நேரச் சராசரியில் 400. கடல் நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம். வரம்பு 5. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது.

அமோனியா நம் கதையின் கண்ணாடி பிம்பம். அது வீரியம் குறைந்த காரம். நீரிலிருந்து அதைக் காய்ச்சி வடித்து, போரிக் அமிலம் என்ற இன்னொரு சாது அமிலத்தில் பிடித்துவைத்து, பியூரெட்டிலிருந்து கந்தக அமிலத்தைச் சொட்டவிட்டு அளப்பது, அதைக் கணக்கிட உள்ள பழைய, நம்பகமான வழிகளில் ஒன்று. அதே ஸ்டாண்டு, அதே குழாய், அதே சொட்டு.

இப்போது மெத்தில் ஆரஞ்சை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். கசிவு நடந்த ராத்திரியே அளந்தால் ஓர் எண். காற்று அடித்துப் போன மறுநாள் மத்தியானம் அளந்தால் வேறோர் எண். வாசலில் அளந்தால் ஒன்று, இரண்டு கிலோமீட்டர் தள்ளி அளந்தால் இன்னொன்று. ஒரு ராத்திரி மூச்சை 24 மணி நேரத்துக்குப் பங்கு போட்டால் அது வேறு. எல்லாமே நிஜமான ரீடிங்தான். யாருமே பொய் சொல்லவேண்டியதில்லை. எங்கே, எப்போது, எதை வைத்து அளப்பது என்று முடிவு செய்கிறவர் கையில் பதில் இருக்கிறது.

ஹோம் ஸ்பூனை எண்ணியதன் அருமை இதுதான். காரம் விற்பவர் சொல்வதை வாங்குபவர் அப்படியே நம்பவேண்டியதில்லை. வாங்குபவர் சொல்வதை விற்பவரும் நம்பவேண்டியதில்லை. இருவரும் ஒரே குடுவை முன்னால் நின்று எண்ணலாம். ஒத்துவரும்வரை திரும்பத் திரும்பச் செய்யலாம். எண் யாருக்கும் சொந்தமில்லாத சாட்சி. ஆனால் அந்தக் குடுவையை ஒரு தரப்பு மட்டும் வைத்துக்கொண்டால், கம்பெனிக் கிடங்குக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

அந்தக் குழாயைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் அந்தக் கரையிலேயே இருக்கிறார்கள். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் வருடா வருடம் ப்ளஸ் டூ பிள்ளைகள் பியூரெட் பிடிக்கிறார்கள். சிலருடைய அப்பா கடலுக்குப் போகிறவர், சிலருடைய அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவர். அவர்கள் வீட்டு வாசல் காற்றையும் தண்ணீரையும் பற்றிய எண்களைச் சரிபார்க்க, கேள்வி கேட்கத் தேவையான முதல் பாடம் அந்த மேஜையில்தான் நடக்கிறது.

அதனால் உங்கள் வீட்டில் பிராக்டிகலுக்குப் போகிற பிள்ளை இருந்தால் ஒன்று சொல்லுங்கள். பிங்க் வந்ததும் அரை நிமிஷம் காத்திரு. காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு கலந்து, கொஞ்ச நேரத்தில் அந்த நிறம் மங்கத்தான் செய்யும். அரை நிமிஷம் நின்றால் அது நிஜமான பிங்க். அதை எழுது. 20.3 வந்தால் 20.3 என்றே எழுது. பக்கத்து மேஜையில் 19.8 என்றால், "மச்சி, வா, ரெண்டு பேரும் சேர்ந்து இன்னொரு வாட்டி பண்ணிப் பாத்துடலாம்" என்று கூப்பிடு.

நான் அன்றைக்குக் கூப்பிடவில்லை. மார்க் மட்டும்தான் வந்தது.